தண்ணீர் மேல் வளையம்

மீனுக்குக் காது கிடையாது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உண்டு, மண்டைக்குள்ளே இருக்கிறது. அது போக, செவுளிலிருந்து வால்வரைக்கும் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். தண்ணீர் லேசாக அசைந்தாலும் அந்தக் கோட்டுக்குத் தெரிந்துவிடும். கதவைச் சாத்தும் சத்தம் நமக்குக் காதோடு போய்விடுகிறது. மீன் அதை உடம்பு பூராவும் வாங்கிக்கொள்கிறது.

நாற்பது வருடமாக இந்த மலாவி ஏரியில் மீன் பிடிக்கிறேன். சட்டிக்குப் போகிற மீனைச் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கக் கேட்கிறார்களே, அந்த வண்ண மீன். எங்கள் கரைக்கு நேரே ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. உடம்பு நீலமும் நெற்றி மஞ்சளுமாக ஒரு மீன் அங்கே மட்டும்தான் இருந்தது. நானும் என் கூட்டாளிகளும் அதைப் பிடித்தே தீர்த்துவிட்டோம். மிச்சம் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் எட்டுதான். ஒரே ஒரு ஈடு குஞ்சு பிழைத்து வந்தால் கொண்டுபோய் அந்தப் பாறையிலேயே விட்டுவிடலாம் என்று இருந்தேன். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

அந்தத் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளே வைத்து அடைகாக்கும். மூன்று வாரம் இரை எடுக்காது, வாயைத் திறக்காது. ஆனால் மிரண்டால் விழுங்கிவிடும். அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. பயந்த தாய் எதையும் செய்யும்.

தியாஞ்சானே என் தங்கை மகள். தங்கை போன பிறகு நான்தான் அவளுக்கு எல்லாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், தாய்மாமன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு. யாங்கோ அப்படி வந்தவன்தான். வரும்போது ஒரு துணிப்பையும், என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் கொண்டுவந்தான். சனிக்கிழமைகளில் கல்யாண வீடுகளில் பாட்டுப் போடுவான். மற்ற நாட்களில் என்னோடு ஏரியில் மூழ்குவான். நல்ல வேலைக்காரன். கெட்டவன் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

கரை திரும்பி, நிசிமாக் களி சாப்பிட்டுக் கை கழுவியதும் ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்ப்பான். பாட்டு எனக்குக் கஷ்டமில்லை. அதன் அடியில் ஒரு 'டும்' இருக்கிறது பாருங்கள், அது சுவரில் இறங்கி, தரையில் ஓடி, தொட்டிப் பலகைக்கு ஏறும்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் குறைச்சுக்கோங்க.”

“மாமா, மீனப் பாருங்க, வால்லயே தாளம் போடுது. கல்யாணத்துக்கு வர்ற பொண்ணுங்களவிட நல்லா ஆடுது.”

“இது வீடா, ஆஸ்பத்திரியா மாமா?” தியாஞ்சானே அடுப்படியிலிருந்து கேட்பாள். அப்போது அவள் ஏழு மாதம். “கரண்டி விழுந்தா மீன் மிரளுது, தும்மினா மீன் மிரளுது. நாளைக்கு எம்புள்ள அழலாமா, இல்ல அதுக்கும் மீன்கிட்டக் கேட்டுட்டு வரணுமா?”

“கேட்டுட்டு வா. அது வாயத் தொறக்காது. அப்ப சரின்னு அர்த்தம்,” என்றான் யாங்கோ.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் யாரிடமும் குரல் உயர்த்தியதே இல்லை. அவளை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அவன் தன் நுரைமெத்தையை வெட்டி ஸ்பீக்கருக்கு அடியில் துண்டு துண்டாக வைத்தான். பெண்டாட்டியும் அவனுமாக வெறும் பாயில் படுத்தார்கள். “சத்தத்த இது அமுக்கிடும் மாமா. மூக்கு வாயப் பொத்தின மாதிரி ஆயிடும்,” என்றான். குறையத்தான் குறைந்தது. ஆனாலும் அந்த மாதம் இரண்டு தாய்கள் முட்டையை விழுங்கின.

அப்புறம் ஒரு நாள் என்னைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டான்.

“கோவிச்சுக்காதீங்க மாமா. பாட்ட நிறுத்திட்டேன். இப்பத் தண்ணியப் பாருங்க.”

தண்ணீர் மேல் பொடிப்பொடியாக வளையங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“உங்க காத்துப் பம்ப்புதான் பலகையில உக்காந்து நடுங்குது. கைய வெச்சுப் பாருங்க. வேணும்னா ஒரு தரம் நிறுத்திப் பாருங்க, வளையம் நின்னுடும். ஒரு ஆணி அடிச்சுச் சுவத்துல மாட்டிட்டாச் சரியாப் போயிடும். நானே மாட்டித் தர்றேன்.”

நான் கையை வைக்கவில்லை. இருபது வருடம் தொட்டி வைத்திருப்பவனுக்கு, வந்து ஒரு வருடம் ஆகாதவன் சொல்லித் தருகிறான். “பாக்கலாம் மாப்பிள்ளை,” என்றேன். அந்தச் சனிக்கிழமை புது ஒயர் போட்டு ஒரு மணி நேரம் பாட்டு வைத்தான். பதினாறு நாள் சுமந்த மீன் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், அதன் தொண்டை தட்டையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏரி அலை இல்லாமல் கிடந்தது. ஆழத்தில் மூழ்குகிறவனுக்குப் படகிலிருக்கும் கம்பிரசர்தான் ரப்பர் குழாய் வழியாகக் காற்று அனுப்பும். அவன் இடுப்பில் இரும்புத் துண்டுகள் கோத்த பட்டை இருக்கும். ஒரே இழுப்பில் அவிழும்படிதான் அதற்கு முடிச்சுப் போடுவோம். அன்று நான் கட்டினேன். இரண்டு முடிச்சு.

“என்ன மாமா, உங்க மருமகளவிட இறுக்கிப் பிடிக்கறீங்க?” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது எழுப்புகிற சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. படகின் பலகை, என் பல், எல்லாம் அதிரும். அவ்வளவும் தண்ணீருக்குள்தானே இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழே வேறு ஜாதி மீன்களில் எத்தனை தாய்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கின்றனவோ. நான் அதை நிறுத்தினேன்.

அப்படி ஓர் அமைதியை ஏரியில் நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு மீன்கழுகு கூப்பிட்டது, பிறகு அதுவும் விட்டுவிட்டது. கீழே இருப்பவனும் மேலே இருப்பவனும் பேசிக்கொள்ள ஒரு கயிறு உண்டு. மூன்று இழுப்பு என்றால் என்னைத் தூக்கு என்று அர்த்தம். மூன்று இழுப்பு வந்தது. மறுபடி மூன்று. தூண்டிலில் சின்ன மீன் கொத்துவதுபோலத்தான் இருந்தது, பெரிதாகச் சொல்வதற்கில்லை. அப்புறம் எண்ணிக்கை இல்லாமல் இழுத்தான். அப்புறம் கயிறு சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினேன்.

கம்பிரசர் நின்றுபோயிற்று என்று சொன்னேன். அது பொய் இல்லை. பழைய மெஷின், நிற்கும். உங்கள் ஆளும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கத் தவறிவிட்டேன். எங்கள் ஊர் இழவு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று சபைகளின் பாட்டுக் கூட்டமும் வந்து இறங்கிற்று. தாய்மாமன் என்ற முறையில் நான்தான் எல்லாரையும் வரவேற்றுக் கூடத்தில் உட்காரவைத்தேன். தொட்டிகளில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டு நாள் பாடினார்கள், தரையை மிதித்து மிதித்து. அவனுடைய சிநேகிதர்கள் அவன் ஸ்பீக்கரிலேயே பாட்டுப் போட்டார்கள். இழவு வீட்டில் யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? முட்டையோடு இருந்த மூன்று மீன்களும் விழுங்கிவிட்டன. நான் அழுததைப் பார்த்து ஊரே அழுதது.

பிறகு உடலையும் ஸ்பீக்கரையும் அவன் ஊர்க்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். நுரைமெத்தைத் துண்டுகள் மட்டும் கிடந்தன. வீடு அடங்கியது. ஒரு தாய் மீன் மறுபடி முட்டை எடுத்தது. ஐந்தாம் நாள் விழுங்கியது. அவன் போட்ட பாட்டு அந்தக் கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அது வடிவதற்கு நாளாகும்.

தியாஞ்சானேவுக்குப் பையன் பிறந்து இன்றைக்கு இருபத்தெட்டு நாள். மதியத்தில்தான் அழுகிறான். நல்ல குரல், அப்பனைக் கொண்டிருக்கிறான். இப்போது ஒரு மீன் பதினைந்து நாள் முட்டையோடு இருக்கிறது. நேற்று அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் நான் பிள்ளையின் பாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் அந்த மெத்தைத் துண்டு ஒன்று இருந்தது. எடுத்தது ஞாபகம் இல்லை. “என்ன மாமா, பிள்ளைக்குத் தலையணையா?” என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்தாள். ஆமாம் என்றேன். அதனால்தான் இன்று நானே புறப்பட்டு வந்தேன். என்னை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தொட்டியைப் பார்த்துக்கொள்ள யாரையாவது அனுப்புவீர்கள். தியாஞ்சானே அவரிடம், “அந்தப் பம்ப்ப ஒரு தரம் நிறுத்திப் பாருங்க, எங்க வீட்டுக்காரர் சொன்னாரு,” என்பாள். கேட்க வேண்டாம். மீன்களுக்கு மூச்சு அந்தப் பம்ப்தான், ஐயா. நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் திணறிச் செத்துப்போகும். மூச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனசு வரும்?