ஏ கோட்டி

— வரலைன்னா வரலைதான். நீங்க போயிட்டு வாங்க அத்தான்.

— நம்ம கல்லித் தெரு முழுக்க மண்டல் சங்கத்து ரூம்ல போய் உக்காந்தாச்சு மாலதி. பெரிய டிவில படம் போடுதாவ. என் பொண்டாட்டி வரலைன்னா நாலு பேரு என்ன நெனைப்பான்?

— தலைவலின்னு சொல்லுங்க.

— காலைல இருந்து நல்லாத்தான இருந்த.

— இப்ப வலிக்கி.

— அப்ப நானும் போகல. டீ போடு. ரெண்டு பேரும் வீட்டுலயே இருப்போம்.

— நீங்க எப்படிப் போகாம இருப்பிய? கரடி ராசாவுக்குக் குரல் குடுத்தது நம்ம சுடலைக்கண்ணன்தான்னு தாராவி பூரா சொல்லியாச்சு. வானமாமலை மாமா மாலை வேற வாங்கி வச்சிருக்காவளாம்.

— மாலையா... மாலை வாங்க யாரு சொன்னா?

— ஏன், சந்தோசமில்லையா?

— சந்தோசந்தான். சும்மா கேட்டேன்... சரி, ஒண்ணு செய்வோம். போய் உக்காந்துட்டு பாதில எந்திரிச்சு வந்துருவோம். கடைசில ஒண்ணும் பெருசா இருக்காது. கார்ட்டூன் படம்தான.

— பாதிலயா? கடைசிலதான அவ கட்டிப் பிடிக்கா.

— எவ?

— எவளோ. அந்தச் செம்பூர்க்காரி.

— ஓ... இதான் அந்தத் தலைவலியா.

— அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

— அஃப்ஷாவையா சொல்லுத?

— பேரு எப்படி வழுக்கிட்டு வருது பாருங்க. என் பேரச் சொல்லணும்னா மட்டும் 'ஏட்டி'.

— அவ படத்துல வர்ற பொண்ணுக்குக் குரல் குடுத்தா, நான் கரடிக்குக் குடுத்தேன். வேலை முடிஞ்சுது.

— வேலையா? சோபாவுக்கு ஃபோம் வைக்க மனுசன். ரெக்ஸின் கிழிஞ்ச கதையக்கூட வீட்டுல சொன்னது கிடையாது. இதுல மட்டும் தினமும் வந்து, அவ எப்படிச் சிரிச்சா, எப்படி மூச்சு வாங்குனா... சோறு போட்டுட்டே நான் கேக்கணும்.

— நானா போய் வேலை கேட்டேன்? அந்த ஸ்டுடியோல செவுத்துக்கு ஃபோம் ஒட்டப் போனேன். கூட வேலை பாக்குத தமிழ்செல்வனப் பாத்து 'ஏல, கீழ விட்றாதல'ன்னு ஒரு சத்தம் போட்டேன். டப்பிங் எடுக்குத மேடம் உள்ள இருந்து ஓடியாந்து, 'இந்தக் குரலைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்'னுட்டா.

— தேடுவா, தேடுவா. மிக்ஸில கல்லப் போட்டு அரைச்ச மாதிரி குரலு. சம்பந்தம் பேச முதல்ல போன் பண்ணினப்போ எங்கம்மா பயந்துட்டாவ. 'யாரோ ரவுடி பேசுதான்'னு ரிசீவர வச்சுட்டாவ.

— நீ மட்டும் ஏன் பயப்படல? போட்டோ வர்றதுக்கு முன்னாலயே சரின்னுட்டியாமே. உங்கண்ணன் சொன்னான்.

— அத விடுங்க. பேச்ச மாத்தாதிய. ஒரே ரூம்ல ரெண்டு பேரும் நின்னுகிட்டு...

— ஏ கூறு கெட்டவளே, அங்க யாரும் யார்கூடயும் நிக்கதே கிடையாது. தனித்தனியா வந்து பேசிட்டுப் போறதுதான். அவ எனக்கு ஒரு மாசம் முன்னாலயே பேசி முடிச்சிட்டுப் போயிட்டா. இன்னைக்கி வரைக்கும் நான் அவ மூஞ்சியப் பாத்ததில்ல.

— பாக்கலையா?

— சத்தியமா. எனக்கு ஒரு கண்ணாடி ரூமு, ஒரு மைக்கு, எதுக்க படம் ஓடும். காதுல ஹெட்ஃபோன். அதுல அவ கேப்பா, நான் பதில் சொல்லணும்.

— காதுக்குள்ளயா?

— ஹெட்ஃபோன்னா காதுலதான் இருக்கும்.

— நேர்ல நின்னு பேசிருந்தாகூட நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். காதுக்குள்ளயே வந்து...

— காலிபீலி ஒண்ணுமில்லாததுக்குச் சண்டை இழுக்காத. அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்குன்னாவ.

— விசாரிச்சும் வச்சிருக்கிய. பாக்காத ஒருத்திகிட்டயா அப்படி உருகுனிய?

— எப்படி உருகுனேன்? நீதான் இன்னும் படத்தையே பாக்கலியே. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து பாப்போம்னு சொல்லிருந்தேன்லா.

— கீதா சொன்னா.

— கீதா எப்பப் பாத்தா?

— மாலதிக்கா...

— நூறு வயசு. அடுத்த வீட்டுக்காரி பேரச் சொன்னதும் வாசல்ல வந்து நிக்கா. என்ன கீதா?

— எல்லாரும் வந்தாச்சுக்கா. அண்ணன் வந்தாதான் படத்தப் போடுவோம்ங்காவ. நீங்க கிளம்பிட்டியளான்னு வானமாமலை மாமா கேக்கச் சொன்னாவ. எனக்கு இருப்பே கொள்ளல. கரடி எப்படித்தான் பேசுதுன்னு பாக்கணும்.

— வாரோம், நீ முன்னால போ கீதா... போயிட்டாளா?

— போயிட்டா.

— கரடி எப்படிப் பேசுதுன்னு இனிமேதான் பாக்கணுமாம் அவளுக்கு.

— அவ... எதையோ மறந்துட்டுப் பேசுதா.

— எனக்கும் கேக்கத் தெரியும் மாலதி. புதன்கிழமை எங்க போன?

— எங்க போனேன்? சயான்ல தையல் கடைலதான் இருந்தேன். சாயங்காலம் காட்கோபர்ல ஒரு கஸ்டமருக்கு பிளவுஸ் குடுத்துட்டு வந்தேன்.

— வர்றதுக்கு ஏன் அவ்ளோ நேரம்?

— டிரெய்ன் லேட்டு. சொன்னேன்லா.

— காட்கோபருக்கு அங்கிட்டு எங்கயும் போகல? டோம்பிவிலில ஃப்ளாட் வாங்கிட்டுப் போன சொர்ணம்மாள் சித்தி போன் பண்ணினாவ. 'உன் பொண்டாட்டி எங்க பிளாட்பாரத்துல உக்காந்திருந்தா. காதுல ஒயரு. எவன் கூடயோ போன்ல பேசுதா போல. கண்ணத் தொடைக்கா, தானா சிரிக்கா. நான் கூப்பிட்டது காதுலயே விழல'ன்னாவ.

— எப்பச் சொன்னாவ?

— புதன்கிழமையே.

— நாலு நாளா வாயத் தொறக்கலியே நீங்க.

— நீயா சொல்லுவன்னு இருந்தேன். ராத்திரி நீ தூங்கினதும் போன எடுத்துப் பாக்கலாமான்னு கைகூட நீண்டுது. பாக்கல... டோம்பிவிலில யாரு இருக்கா மாலதி?

— நல்லா இருக்கு. நீங்க ஊரறிய ஒருத்தியக் கொஞ்சுவிய. நான் பிளாட்பாரத்துல உக்காந்தா குத்தம்.

— என்னத்தக் கொஞ்சினேன்?

— கோட்டின்னு சொன்னியளா இல்லையா? என்ன முழிக்கிய? 'ஏ கோட்டி, இந்தக் குளிர்ல யாராவது வெளிய வருவாளா'ன்னு. எவ்ளோ கரிசனம்.

— மாலதி...

— அது என் சொல்லு அத்தான். கல்யாணமாகி வந்து தாதர்ல இறங்குனோம். அந்தக் கூட்டத்தப் பாத்து நான் அழுதுட்டேன். என் கையப் பிடிச்சுகிட்டு, 'ஏ கோட்டி, இதுக்குப் போய் அழுவியா'ன்னிய. வேற யாராவது என்னையப் பைத்தியம்னு சொல்லிருந்தா செருப்பக் கழட்டிருப்பேன். நீங்க சொன்னதும், அதையே பேரா வச்சுகிடலாம்னு இருந்துச்சு. அத எடுத்து எவளுக்கோ குடுத்துட்டியளே.

— குடுக்கல. கேளு முதல்ல. எழுதிக் குடுத்தது 'முட்டாள் பெண்ணே'. படத்துல கரடி வாயி ரெண்டே தடவதான் தொறந்து மூடுது. நான் 'பெண்ணே'க்கு வர்றதுக்குள்ள அது வாய மூடிட்டு நிக்கி. வேகமாச் சொன்னா திட்டுத மாதிரி இருக்கு. மெதுவாச் சொன்னா வாயில ஒட்டல. மேடம் தலைல கை வச்சுட்டா. அப்பதான் எனக்கே தெரியாம வந்துட்டு. கோட்டி. கச்சிதமா உக்காந்துட்டு.

— கச்சிதமா.

— மேடம் மாட்டுங்காக்காரி. அவளுக்கு கோட்டின்னா என்னன்னே தெரியல. அரண்மனையில கூப்பிடுத பேரான்னு கேக்கா. சவுண்டு பாக்குத மராட்டிக்காரன் கோடி ரூபாய்ங்கான். நான்தான், 'எங்க ஊர்ல ஆசையாச் சொல்லுதது மேடம்'னேன்.

— ஆசையா.

— உன்ன நெனச்சுதான் வந்துச்சு.

— என்னைய நெனச்சு அவகிட்ட. இது அதவிட மோசம்.

— அவ அங்க இல்லவே இல்லைங்கேன்... இரு. இரு, இரு. இது எனக்கும் மேடத்துக்கும் அந்தச் சவுண்டுக்காரனுக்கும்தான தெரியும். கீதா இன்னும் படமே பாக்கல. நீ எங்க கேட்ட? படத்தப் பாத்துட்ட.

— கொஞ்சம்.

— கொஞ்சம்னா எவ்ளோ?

— கோட்டி வர்ற வரைக்கும். கடைக்கார சைனப் அக்கா என் போன்ல போட்டுக் குடுத்தாவ. அந்தச் சொல்லக் கேட்டதும் கோவம் வந்துட்டு. அணைச்சுட்டேன்.

— கடைசி பாக்கல?

— அதான் அணைச்சுட்டேன்னு சொல்லுதேன்லா. ஏன், கடைசில அப்படி என்ன இருக்கு? அவ உங்கள ஜாஸ்தி கொஞ்சுதாளோ?

— கொஞ்சுதா. என்னைய இல்ல.

— பொறவு?

— கடைசில நான் இல்ல மாலதி. சாபம் போயி கரடி ராசகுமாரனா மாறுதாம்லா, அதுல இருந்து வேற ஆளு குரலு. பாட்டு கிளாஸ் எடுக்கவனாம். நெய்யில பொரிச்சு எடுத்த மாதிரி ஒரு குரலு. மேடம் சொல்லிட்டா, 'அழகான முகம் வந்தப்புறம் உங்க குரல் ஒட்டாது கண்ணன் ஜி'ன்னு.

— அப்படியா சொன்னா?

— கதை பூரா என்ன சொல்லுதான்? தோலப் பாக்காத, மனசப் பாருங்கான். கடைசில மூஞ்சி வெளுத்ததும் குரல மாத்திப்புட்டான்.

— நீங்க ஒண்ணும் கேக்கலியா?

— என்னத்தக் கேக்க. வெளிய பெஞ்சில உக்காந்திருந்தேன். அவன் வந்தான், சென்ட் வாசனையோட. சுடுதண்ணி வாங்கிக் குடிச்சான், உள்ள போனான். நான் அவகூடச் சண்டை போட்டு, பனியில அலைஞ்சு, அம்பு பட்டு, தொண்டை கிழியக் கத்திச் செத்திருக்கேன். 'உன்னை விட்டு எங்கும் போகமாட்டேன்'ங்கிற ஒரு வரிய மட்டும் அவன் வந்து சொல்லிட்டுப் போறான். அவன் கழுத்தப் பிடிக்கலாம்னு வந்துச்சு எனக்கு. ஒரு கார்ட்டூன் பொம்பளைக்காக... சிரிக்காத.

— சிரிக்கல.

— கல்லில வேற பெருமை அடிச்சிட்டேன். கரடியும் நான்தான், ராசகுமாரனும் நான்தான்னு. இப்ப மாலையோட உக்காந்திருக்காவ. அந்த நெய்க்குரல் வந்ததும் மொத்தப் பேரும் திரும்பி என்னையப் பாப்பாவ.

— அண்ணே, கிளம்பிட்டியளா இல்லையா? மாமா சத்தம் போடுதாவ.

— ரெண்டு நிமிசம் கீதா. உங்கண்ணன் சட்டைய மாத்திட்டு இருக்காவ. நீ போ.

— ஏன் அப்படிச் சொன்ன? நான் போகல.

— போகத்தான் வேணும். கரடி பேசுதது நீங்கதான. அதுக்கு மாலை வாங்குங்க. மாறுததுக்கு முன்னால எந்திரிச்சு, 'இதுக்கு மேல நான் இல்ல'ன்னு நீங்களே சொல்லிருங்க. மத்தவன் கண்டுபிடிக்கக்கூடாது.

— நீ பக்கத்துல இருந்தா சொல்லிருவேன்.

— அதுக்குத்தான் வரமாட்டேன்னேன்.

— எதுக்கு?

— அந்த எடம் வரும்போது எங்க பாக்கதுன்னு தெரியாம, டம்ளர வச்சு உருட்டிட்டு இருப்பிய. பக்கத்துல உக்காந்து அத நான் பாக்கணுமா?

— அப்ப... முழுசாப் பாத்திருக்க. எல்லாம் தெரிஞ்சுகிட்டே என் வாயில இருந்து வரவச்சிருக்க. சரி. நான் சொல்லிட்டேன், மிச்சமில்லாம. இப்ப நீ சொல்லு. சித்தி பொய் சொல்ல மாட்டா. டோம்பிவிலி பிளாட்பாரத்துல உன் காதுக்குள்ள யாரு மாலதி?

— ஒரு ஆம்பளைதான். சித்தி பாத்தது நெசம்... சயான்ல டிரெய்ன் ஏறும்போதே படத்தோட கடைசிக்கு வந்துட்டேன். சாபம் போயி அவன் எந்திரிச்சு வாயத் தொறக்கான், நீங்க இல்ல. அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல அத்தான், சிரிச்சுகிட்டே அவன்கூடப் போயிட்டா. அதுவரைக்கும் உங்ககிட்ட எதுக்கு இப்படி ஒட்டுதான்னு அவமேல எரிச்சல். அப்புறம், எப்படி உங்கள விட்டுட்டுப் போனான்னு அதவிட எரிச்சல். நான் அவன்கூடப் போகல. படத்தப் பின்னால தள்ளி, நீங்க கோட்டின்னு சொல்லுத எடத்துல கொண்டாந்து வச்சேன். முடிஞ்சதும் மறுபடி அங்கயே. மறுபடி அங்கயே... காட்கோபர் எப்ப வந்துச்சுன்னே தெரியல, நிமிந்து பாத்தா டோம்பிவிலி.