விளக்கணைச்ச ஏழு நிமிஷம்

அந்த ட்ரெய்னிங் நடந்தது காலையில இல்ல தம்பி, மத்தியானம். போன வருஷம் ஆடி மாசம், மூணாவது புதன்கிழமை, ரெண்டரை மணி. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு, கேன்டீன் ஹால்லயே எல்லாரையும் உக்கார வெச்சிருந்தாங்க. நீங்க இந்தத் தோல் கம்பெனியில சேர்ந்து மூணு மாசம்தான்னு சொன்னீங்க, அதனால தேதியோட சொல்றேன். சேஃப்டி ஆபீசருக்கு இந்தத் தேதி தெரிஞ்சிருக்கணும்.

அந்த ஃபார்மை அங்கயே வைங்க. என் கையெழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது. நாளைக்குப் பத்து மணிக்குத்தானே உங்க ட்ரெய்னிங்? நான் வந்து கையால சொல்றதும், கையெழுத்துப் போடுறதும் அப்புறம். முதல்ல நீங்க காட்டப்போறதை நான் பாக்கணும்.

என்ன சொன்னீங்க? அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதீங்க. முப்பத்திரண்டு வருஷம் காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவ நான். அதுல ஒருத்தரும் ஊமை இல்ல. கையால பேசுறாங்க, நாமதான் கத்துக்கல. காது கேக்காதவங்க பதினாலு பேர்னு சொல்லுங்க. ம். சரி.

லேப்டாப்பை இப்படித் திருப்புங்க. ஏன் தம்பி, ஒரு ஸ்லைடுல இருபது வரியா? பரீட்சைக்கு பிட் எழுதுறவன்கூட இதைவிடக் கம்மியா எழுதுவான். காது கேக்கறவங்க ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே நீங்க பேசுறதையும் கேட்டுக்குவாங்க. இவங்களுக்கு ரெண்டுக்கும் கண்ணுதான். ஸ்க்ரீனைப் படிச்சா என் கையைப் பாக்க முடியாது, கையைப் பாத்தா படிக்க முடியாது. ஸ்லைடைப் போட்டுட்டுப் பேசாம நில்லுங்க. எல்லாரும் படிச்சுத் தலை நிமிரட்டும், அப்புறம் ஆரம்பிங்க. சிரிக்காதீங்க, எழுதிக்குங்க.

நாப்பது நிமிஷம்தான் கொடுத்திருக்காங்களா? லைன் நிக்கக் கூடாதா? போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க.

அப்ப ட்ரெய்னிங் கொடுக்க வந்தவர் சென்னைக்காரர். நல்லாப் பேசினார், ஆனா ஸ்க்ரீனைப் பாத்துத் திரும்பிக்கிட்டே பேசினார். கையால சொல்றதுக்கு ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. ஓரமா நின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. வீடியோ போடுறோம்னு லைட்டை அணைச்சாங்க. ஏழு நிமிஷம். இருட்டுல கை எங்க தெரியும்? லைட்டைப் போடுங்கன்னு அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. பக்கத்துல நாற்காலி இருந்துச்சு, உக்காந்துட்டாங்க. முட்டிவலியாம். படம்தானே, பாத்தாலே புரியும்னு நெனச்சாங்களாம். வேணாம், நீங்க அவங்களுக்குப் பரிஞ்சு பேசாதீங்க. அனுபவம் ஜாஸ்தி உள்ளவங்க, தெரியாம செஞ்சதில்ல.

வீடியோ என்னன்னா, கழிவுத் தொட்டிக்குள்ள ஒருத்தன் மயங்கி விழறான். இன்னொருத்தன் பாக்குறான். துண்டை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு, ஏணியில இறங்கி, அவனைத் தூக்கித் தோள்ல போட்டுக்கறான். படம் அதோட நிக்குது. பின்னாடி ஒரு குரல் சொல்லுது, இப்படி ஒருநாளும் செய்யாதீங்க, ஈரத்துணி விஷ வாயுவைத் தடுக்காது, இறங்குறவனும் செத்துடுவான்னு.

ஆமா. செய்யாதேங்கறது குரல்ல மட்டும்தான் இருந்துச்சு.

லைட்டைப் போட்டாங்க. புரிஞ்சுதான்னு கேட்டாங்க. பதினாலு பேரும் தலையாட்டினாங்க. ஆட்டத்தான் செய்வாங்க. புரியலைன்னு சொன்னா ஸ்கூல்ல திட்டு, வேலையில பேஜார், அதனால சின்ன வயசுலேருந்தே தலையாட்டிப் பழகிட்டாங்க. அந்த அம்மாவுக்கு அதுவும் தெரியும். ஒருத்தரையாவது எழுப்பி, பாத்ததைக் கையால திருப்பிச் சொல்லுன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. சைகையில் முழுமையாக விளக்கப்பட்டது, அனைவரும் புரிந்துகொண்டனர்னு ஒரு தாள், இப்ப நீங்க கொண்டு வந்திருக்கற மாதிரியே. அதுல அந்த அம்மா கையெழுத்துப் போட்டாங்க.

ஆவணிக் கடைசியில, தொட்டியைச் சுத்தம் பண்ண இறங்கின சம்பத் உள்ளயே விழுந்துட்டார். முதல்ல பாத்தது முத்துமாரி. இருபத்தாறு வயசு, தோல் ஓரம் வெட்டுற டேபிள்ல வேலை, அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தி. வாசல் கேட் பக்கத்துலேருந்து சூப்பர்வைசர் தபரேஸ், இறங்காதே இறங்காதேன்னு கத்திக்கிட்டே ஓடி வந்திருக்கார். அவ முதுகுக்குப் பின்னாடி. அவ நிதானமா துப்பட்டாவைக் குழாயில நனைச்சு, மூக்கைச் சுத்திக் கட்டி, முடிச்சை இழுத்துப் பாத்துட்டு இறங்கினாளாம். பதறிப்போனவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க தம்பி. பாடம் படிச்சவங்கதான் அப்படிச் செய்வாங்க.

ரெண்டு பேரும் பொழைக்கல.

அவ துணியை எதுக்கு நனைச்சான்னு தபரேஸ் இன்னும் பாக்கறவங்களை எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கார். விசாரணைக்கு வந்தவங்ககிட்ட கம்பெனி அந்தத் தாளைக் காட்டிச்சு. சொல்லிக் கொடுத்தோம், அவளும் புரிஞ்சுக்கிட்டா, அப்புறமும் மீறி இறங்கினான்னு. அவ்வளவுதான், முடிஞ்சுது. நான் நடந்ததை எழுதி அந்த விசாரணைக்காரங்களுக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், ரிஜிஸ்டர் தபால்ல. பதில் இல்ல.

கடைசி ஸ்லைடை அழுத்துங்க. வீடியோ இருக்கா? ஓட விடுங்க.

அதேதான் தம்பி. அதே ஆள், அதே துண்டு.

படத்துக்குக் கீழ செய்யாதேன்னு எழுத்துப் போட ஹெட் ஆபீஸ்ல கேக்கணுமா? கேளுங்க. நாளைக்குள்ள வராதுன்னு உங்களுக்கும் தெரியும். இதை எடுத்துட்டா நான் வர்றேன். எடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையா? அப்ப ஃபார்மை எடுத்துக்குங்க. வேலூர்லேருந்து வேற யாரையாவது கூட்டிட்டு வருவீங்க, அவங்க போட்டுக் கொடுப்பாங்க. பத்து மணிக்குக் கட்டாயம் நடக்கும்.

அந்த அம்மா பேரா? எதுக்கு, அவங்களைத் தவிர வேற ஆளைப் பாக்கறதுக்கா? பழைய ஃபைல்ல இருக்கும் பாருங்க. சௌந்தரம், ஓய்வுபெற்ற ஆசிரியை. நான்தான்.

முத்துமாரியோட அம்மா தனகோடிக்குக் கம்பெனி கார்த்திகையில நாலு லட்சம் கொடுத்துச்சு, இனிமே எந்தக் கேஸும் இல்லைன்னு எழுதி வாங்கிக்கிட்டு. சென்னைக்காரருக்கு பில் ஆடிக்குள்ளயே பாஸ் ஆயிடுச்சு. எனக்கு அன்னைக்குச் சாயந்திரமே கொடுத்துட்டாங்க, ஆயிரத்து ஐநூறு ரூபா, கவர்ல போட்டு. எண்ணிப் பாத்துத்தான் வாங்கினேன்.