பேட்டரிதான் காரணம்

பார்த்து ஏறு தம்பி, பின்னாடி இருக்கிற அந்த ஏணி முட்டியில இடிக்கும். ஆமா, மடக்கி மேல தூக்கிக் கயிறு போட்டு இறுக்கி வச்சிருக்கான். தண்ணியில இறக்கி விட்டா ஓடும்போது லொடலொடன்னு சத்தம் போடுதாம், மீனெல்லாம் ஓடிருதாம். என் பையன் ரியோஹெய்தான். படகு அவனோடது. நான் இந்தத் துறைக்குள்ள கால் வச்சதே இந்த வாரம்தான்.

இல்ல, இன்ஜின்கிட்ட அப்புறம் போ. முதல்ல பேட்டரியைப் பாரு. பேட்டரிதான், நான் அடிச்சுச் சொல்றேன். முப்பத்தஞ்சு வருசமா யாவாரம் பண்றவன், எது கெட்ட சரக்குன்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிருவேன். டவல் ஹிகாகின்னு இந்த இமாபாரி ஊர்ல யாரை வேணா கேளு. ஃபேக்டரிக்காரன் கழிச்சுப் போட்ட துண்டை எடைக்கு வாங்கி, தெருத்தெருவாத் தள்ளிட்டுப் போய் வித்து மேல வந்தவன். எனக்கு எவனும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்ல. எல்லாம் அடிபட்டுக் கத்துக்கிட்டது.

ஊர்ல மெக்கானிக்கே இல்லையான்னா கேக்கற? இருக்கானுங்க. நாலு பேரு இருக்கானுங்க. ஒருத்தனும் என் மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டேங்குறான். வாயைத் திறக்குறதுக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிறான். பக்கத்துப் படகுக் கிழவன்கிட்டப் போய் ஏன்யா இது ஓட மாட்டேங்குதுன்னு கேட்டா, அவன் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு உள்ள போயிட்டான். எனக்கு எதுக்குய்யா அவன் கண்ணீரு? இன்ஜின்ல ஊத்துனா ஓடுமா? அதான் வெளியூரு, சைஜோல இருந்து உன்னை வரவழைச்சேன். உனக்கு என்னைத் தெரியாது. நீ வேலையைப் பாரு, போதும்.

சாவியைத் திருப்புறேன், கேளு.

கேட்டியா? கர்ர்ர்னு சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்க மாட்டேங்குது. காலையில இருந்து இதே கதை.

அட, சுத்துதுன்னா பேட்டரி நல்லாருக்குன்னு அர்த்தமா? தம்பி, இது புதுசு. நான் வாங்கி மாட்டுனது. காருக்குப் போடறதுதான், அதனால என்ன, படகுக்குப் போடறதை விட விலை பாதி. கடைக்காரன்கிட்ட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி வாங்குனேன். நான் சொல்றது பழசை. படகைக் கொண்டு வந்து விட்டப்போ பழசு செத்துக் கிடந்துச்சு. சாவியைத் திருப்பினா டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை வண்டியில பத்திரமா வச்சிருக்கேன். ரியோஹெய்க்கு அதை வித்தவன் எவன்னு மட்டும் தெரியட்டும், அவன் கடை வாசல்ல கொண்டு போய் இறக்கிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கப் போறேன். நடுக்கடல்ல கழுத்தறுக்கிற பேட்டரியை விக்கிறவனெல்லாம் ஒரு மனுசனா?

மீட்டர் என்ன காட்டுது? பன்னெண்டரை வோல்ட்டுக்கு மேலயா? சரி, இருக்கட்டும். முனையில வயரு தளர்ந்திருக்கான்னு ஆட்டிப் பாரு. உப்புப் பூத்திருந்துச்சு, நானே சுரண்டி எடுத்தேன். ஃபோன்ல வீடியோ பார்த்துதான் செஞ்சேன். ஒருத்தன் வெயில்ல நின்னுக்கிட்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக் கொடுக்கிறான். அவனுக்கு எல்லாமே உடனே ஓடிருது.

பெட்ரோல் இருக்கு. பெட்ரோல் குழாயில இருக்கிற ரப்பர் உருண்டையையும் அமுக்கியாச்சு, கல்லு மாதிரி ஆகுற வரைக்கும். கியரு நடுவுலதான் நிக்குது. பிளக்கைக் கழட்டித் துடைச்சேன். இந்தா, கையைக் கிழிச்சுக்கிட்டேன் பாரு. வேற என்னதான் செய்யணும் இந்தச் சனியனுக்கு?

நேரமாகுது தம்பி. மத்தியானம் குருஷிமாக் கடல் பக்கம் நீரோட்டம் கொஞ்ச நேரம் அடங்குமாமே, அதுக்குள்ள நான் அங்க போய் நிக்கணும். இன்னைக்கு விட்டா அப்புறம் ஓட்டம் பெருசாயிரும்ங்கறாங்க. பையன் அந்தப் பக்கம்தான் இருக்கான். கூட்டிட்டு வரணும்.

ஃபெர்ரியா? ஃபெர்ரி அங்கல்லாம் நிக்காதுப்பா.

நான்தான் ஓட்டப் போறேன், வேற யாரு? லைசென்ஸைப் பத்தி இப்ப யாரு கேட்டா? தடுக்க வர்றவன் வரட்டும், அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஓட வச்சுக் கொடு, அது மட்டும்தான் உன் வேலை. கூலி எவ்வளவு கேட்டாலும் தர்றேன். இந்த வார்த்தை என் வாயில இருந்து வந்ததுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாரு, நம்ப மாட்டாங்க.

அந்த மூட்டையை மிதிக்காதே. துண்டுதான். கழிச்சுக் கட்டுனது இல்ல, முதல் தரம். முழு விலை கொடுத்து வாங்குனேன். பையன் நனைஞ்சிருப்பான்ல. இந்த மாசத்துல தண்ணி இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. பக்கத்துல இருக்கிற பொட்டலம் சோத்து உருண்டை. வீட்டுக்காரி கட்டிக் கொடுத்தா. மூணு பேருக்குக் கட்டியிருக்கா. அதோ, வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கா. கூப்பிடாதே, வர மாட்டா. விடிஞ்சதுல இருந்து இந்தத் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருக்கா. இன்ஜின் சத்தம் கேட்டா இறங்கி வருவா.

இன்னொரு தடவை திருப்பவா? கர்ர்ர்... பிடி, பிடிடா. ம்ஹூம்.

ஏன் இங்க வர்ற? கோளாறு பின்னாடி இருக்கு, முன்னாடி வந்து என்ன பண்ணப் போற? சரி, பாரு, தள்ளிக்கிறேன்.

என்ன கேட்ட? என்ன கயிறு?

சாவி ஓட்டைக்குப் பக்கத்துலயா? ஆமா, சிவப்பா ஒரு பொத்தான் இருக்கு. அதுல மாட்டுறதா? சின்ன கிளிப்பு, அதுல இருந்து டெலிஃபோன் வயரு மாதிரி சுருள் சுருளா... அட, அதை நான் பார்த்திருக்கேனே. இங்க இல்ல, ஃபோன்ல. இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன். இந்தா, அவன் அம்மாவுக்கு அனுப்புன ஃபோட்டோ. மீனைப் பார்க்காதே, கையைப் பாரு. இடது மணிக்கட்டு. சிவப்பாத் தெரியுதுல்ல? இதானே நீ சொல்றது?

அப்ப அது அவன் கையிலதான் இருக்கு. இங்க தேடிப் புண்ணியமில்ல.

அவன்கிட்ட ஃபோன் பண்ணிக் கேக்கச் சொல்றியா? தம்பி, இது போன வாரம் எடுத்தது. காலையில இதை அனுப்பினான். மறுநாள் விடியக்காலம் மீன் பிடிக்கிறவங்க படகை மட்டும் இழுத்துட்டு வந்து கட்டினாங்க.

ஏய். நீ தலையைக் குனியாதே. நீ அப்படிக் குனிய மாட்டேன்னுதான் உன்னைக் கூப்பிட்டதே. நிமிரு.

தேடுனாங்க. குறை சொல்ல முடியாது. மீனவங்க வேலையை விட்டுட்டு அத்தனை படகும் போச்சு. ஹெலிகாப்டர் போச்சு. நேத்து கடலோரக் காவல் ஆபீசர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, வாசல்லயே மண்டி போட்டுத் தலையைத் தரையில வச்சு, இனிமே ரோந்து போற வழியில பார்த்துக்குவோம்னு சொன்னாரு. நான் அவர்கிட்டயும் பேரம் பேசினேன் தம்பி. இன்னும் ஒரு நாளுன்னு கேட்டேன். அரை நாளுன்னு கேட்டேன். அந்த மனுசன் தரையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்ல. அப்படி இருக்கிறவன்கிட்ட எப்படிப் பேரம் பேசறது?

அதான் நானே போறேன். விடு. கயித்தைப் பத்திச் சொல்லு. அது இல்லேன்னா என்ன?

இன்ஜின் சுத்தும், ஆனா பிடிக்காதா? எத்தனை பேட்டரி மாத்துனாலுமா?

எதுக்குய்யா அப்படி ஒண்ணை வச்சிருக்கான்?

ஓ.

ஆளு விழுந்தா கயிறு இழுத்துக்கிட்டுப் போயிரும். கிளிப்பு கழண்ட உடனே இன்ஜின் நின்னுரும். படகு ஆளை விட்டுட்டு ஓடிரக் கூடாதுன்னு. நல்ல ஏற்பாடுதான்.

அப்ப பேட்டரி செத்து இன்ஜின் நிக்கலையா? ஆனா பழசு செத்துத்தானேய்யா கிடந்துச்சு, நானே பார்த்தேனே. ...சாவி போட்டபடியே இருந்துச்சு, ஆமா. மீன் காட்டுற பொட்டி, விளக்கு, எல்லாம் போட்டபடிதான். ராத்திரி பூரா எரிஞ்சு எரிஞ்சு, அப்புறமாத்தான் செத்துச்சா. அப்ப அந்தப் பேட்டரி மேல தப்பில்ல. வித்தவன் மேலயும் தப்பில்ல. வண்டியில கிடக்குதே, அதை நான் இப்ப எங்க கொண்டு போய் இறக்குறது?

அப்ப படகு அவன் பக்கத்துலதான் நின்னிருக்கு. கை நீட்டுற தூரத்துல. நீந்தத் தெரிஞ்சவன் அவன். வந்து பிடிச்சிருப்பான். விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வந்திருப்பான்.

தம்பி, ஒண்ணு சொல்லு. அந்த ஏணி, மடக்கிக் கட்டியிருக்கே. தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டு அந்தக் கயித்து முடிச்சை அவுக்க முடியுமா? விரலு மரத்துப் போயிருந்தா?

சரி. சொல்ல வேணாம்.

பையில வேற கிளிப்பு வச்சிருக்கியா? எல்லா இன்ஜினுக்கும் சேருமா? போடு. அதை என் கையில கட்டாதே, எனக்கு வேணாம். அங்கயே மாட்டி விடு. நான் திருப்புறேன்.

...பிடிச்சிருச்சு. இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை பாடு?

வண்டிக் கதவு திறக்குது பாரு, அவ இறங்கி வர்றா. நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதே. பேட்டரிதான்னு சொல்லு. பேட்டரிதான் காரணம், சரி பண்ணியாச்சுன்னு சொல்லு.

இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பின்னாடி போய் அந்த ஏணியை அவுத்துக் கீழ இறக்கி விட்டுரு. நல்லா இறங்கணும், தண்ணியில இருக்கிறவனுக்குக் கைக்கு எட்டுற மாதிரி. போற வழி பூரா தொங்கட்டும்.

தெரியும்ப்பா. சத்தம் போட்டாப் போடட்டும்.