பதினேழாவது பொய்

இந்த நாற்காலி ஆடுது ஐயா. பின்னங்கால் ஒண்ணு கட்டை. ஒரு காகிதத்தை நாலா மடிச்சு அடியில வச்சா நின்னுடும். கொடுங்க, நானே வைக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இது ஒரு வியாதி மாதிரி. எங்க போனாலும் அங்க எது சரியில்லையோ அதுதான் முதல்ல கண்ணுல படும். இருபத்தாறு வருஷமா அதுதான் என் வேலை.

நீங்க எழுதிக்கிட்டே வாங்க, நான் நிதானமாச் சொல்றேன். கொஞ்சம் அசதியா இருக்கு, அவ்வளவுதான். இது இன்னிக்கு வந்த அசதி இல்ல.

எங்க பயிற்சிக் கூடத்துல இருக்கிற சிமுலேட்டரை நாங்க பெட்டின்னுதான் சொல்வோம். வெளியில இருந்து பார்த்தா ஆறு இரும்புக் கால்ல நிக்கிற வெள்ளை அறை. உள்ள ஏறி உக்காந்தா ராணுவ ஹெலிகாப்டரோட முன்பக்கம் அப்படியே இருக்கும், ஒரு திருகாணி குறையாது. சுத்தித் திரை. சீட்டு அதிரும், காது இரையும். புதுசா வர்றவங்கள்ல சில பேர் வாந்தி எடுத்துட்டு இறங்குவாங்க. அவ்வளவு தத்ரூபம். பார்க்க வர்ற பெரிய மனுஷங்க எல்லாம், "நிஜம் தோத்துது போங்க"ன்னு சொல்லி, போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. எத்தனை பொய் இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்.

ஓடுதளத்துக்கு இடது பக்கம் ஒரு மாடு நிக்கும். தரையில நிக்காது, ஒரு சாண் மேல அந்தரத்துல நிக்கும். விமானிங்க அதுக்குச் சாமியார்னு பேர் வச்சிருந்தாங்க. மழை வச்சா கண்ணாடிக்கு வெளியில வைப்பர் ஓடும், மழை உள்பக்கமா பெய்யும். சாயங்காலம் வச்சா நிழல் சூரியன் இருக்கிற பக்கமே விழும். எழுதிப் போட்டுக்கிட்டே இருப்போம். சரி பண்ண மாட்டாங்க.

அதனால எங்க கூடத்துல ஒரு வழக்கம். பெட்டியில ஏறுறதுக்கு முன்னாடி விமானியை உக்கார வச்சு, பெட்டி எங்கெங்க பொய் சொல்லும்னு ஒரு பட்டியலைப் படிச்சுக் காட்டணும். கேட்டு முடிச்சதும் அவர் கையெழுத்துப் போடணும். அதுக்குப் பேரே பொய்ப் பட்டியல்தான். படிக்கிறது நான். மொத்தம் இருபத்துமூணு பொய். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சுடுவேன்.

அதுல இருபத்திரண்டு பொய்யால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. பதினேழு அப்படி இல்ல.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் எழுதிக்குங்க. ஹெலிகாப்டர் நேர் கீழா வேகமா இறங்கினா, அது கீழ தள்ளின காத்துக்குள்ள அதுவே போய் மாட்டிக்கும். அந்த நேரத்துல இடது கையில இருக்கிற லீவரை மேல இழுக்கத்தான் யாருக்கும் தோணும். இழுத்தா இன்னும் வேகமா இறங்கும். மூக்கைத் தாழ்த்தி முன்னால ஓட்டி, அந்தக் காத்தை விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் இழுக்கணும். இது நிஜம். பெட்டியில லீவரை இழுத்தா போதும், சொன்ன பேச்சைக் கேக்கிற பிள்ளை மாதிரி மேல வந்துடும்.

பதினோரு வருஷம் முன்னாடி புதுத் திரை போட்டாங்க. அப்போ வந்த வினை இது. படம் திக்காம ஓடணும்னு கம்ப்யூட்டர்ல காத்துக் கணக்கைப் பாதியா வெட்டிட்டாங்க. இப்போ மரத்துல ஒவ்வொரு இலையும் தனித்தனியா அசையும். அதை அசைக்கிற காத்து மட்டும் பொய்.

முப்பத்தொரு கடிதம் எழுதினேன். பதில் ஒரே வரி. அடுத்த பதிப்பில் கவனிக்கப்படும். நேர்ல போய் நின்னா மேலதிகாரி, "அதான் பட்டியல்ல படிச்சுக் காட்டுறீங்களே, அப்புறம் என்னங்க?"ம்பார். செவிடன் காதுல ஊதின சங்கு. கத்திக் கத்தி ஒரு கட்டத்துல எனக்கே அலுத்துப்போச்சு.

வீட்லயும் அந்தப் புலம்பல்தான். என் பொண்ணு, "பதினேழு என்னாச்சுப்பா?"ன்னு கேட்டுட்டுத்தான் தட்டையே வைப்பா. அது என்ன விஷயம்னு அவளுக்குத் தெரியாது. வெளிய சொல்லக் கூடாததுங்கிறதால நம்பரோட நிறுத்திக்குவேன். அவளுக்கு ஒன்பது வயசுல அவ அம்மா போயிட்டா. அதுக்கப்புறம் வீட்ல நாங்க ரெண்டே பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் செருப்பைக் கழட்டும்போது அடுப்புல டீ கொதிக்கும். ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிருப்பா. வேற பெரிசா ஒண்ணும் கிடையாது எங்க வீட்ல.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். இதை மறக்காம எழுதிக்குங்க. எனக்கும் அவருக்கும் ஒரு மனஸ்தாபமும் இல்ல. அவர் வேற ரக ஹெலிகாப்டர் ஓட்டிக்கிட்டிருந்தார், அதனால எங்க பெட்டிப் பக்கம் வந்ததே இல்ல. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் எங்க வீட்டு மாடி அறையிலதான் இருந்தாங்க. டீ மூணு டம்ளர் ஆச்சு. குடிச்சு முடிச்சா என் டம்ளரையும் சேர்த்து அவரே கழுவி வைப்பார். எத்தனை மாப்பிள்ளைங்க செய்வாங்க சொல்லுங்க.

அப்புறம் மாற்றல் வந்துச்சு. மலை மேல ஒரு முகாம், போக ரெண்டு நாள் ஆகும். அங்க ஓட்ட வேண்டியது எங்க பெட்டியில இருக்கிற ரகம். அதனால முப்பது மணி நேரம் எங்ககிட்ட பயிற்சி. முடிஞ்சதும் முதல்ல அவர் போவார், ஒரு மாசத்துல குடியிருப்பு கிடைச்சதும் அவ போவா. அவளுக்குத் தலைகால் புரியல. "அப்பா, ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ள வருமாம்பா!"ன்னா. முன்னறையில அட்டை டப்பா அடுக்க ஆரம்பிச்சுட்டா. "நீயும் வந்துடேன்பா"ன்னு கேட்டா. ஒரு தடவை கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள யாரோ போன்ல கூப்பிட்டாங்க, பேசப் போயிட்டா.

அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல ஐயா. நீங்க முடிச்சுப் போட்டுடக் கூடாதுன்னுதான் நானே சொல்றேன்.

முதல் நாள் மாப்பிள்ளையை உக்கார வச்சுப் பட்டியல் படிச்சேன். மத்தவங்க மாதிரி அவர் கொட்டாவி விடல. வாத்தியார் முன்னால உக்காந்த மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினார். சாமியார் மாட்டுக்கு மட்டும் சிரிச்சார்.

"பதினாறு. பின்கதவு திறந்திருந்தா எச்சரிக்கை விளக்கு எரியாது. பதினெட்டு..."

"மாமா, பதினேழு எங்க?"

"அதைச் சரி பண்ணியாச்சு மாப்பிள்ளை."

"அட! என்ன மாமா இது, பதினோரு வருஷம் மல்லுக்கட்டி ஜெயிச்சிருக்கீங்க, வீட்ல மூச்சு விடல பாருங்க!"

"நேத்துதான் ஆச்சு. பதினெட்டு கேளுங்க."

இருபத்துமூணு வரைக்கும் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்னிக்குச் சாயங்காலம் ஒரு டப்பா இனிப்போட வந்தார். பொண்ணு ஒரு துண்டை எடுத்து என் வாயில ஊட்டி விட்டா. "அப்பாடா, இனிமேயாவது நிம்மதியாச் சாப்பிடுப்பா"ன்னா. இனிப்பு நல்லாத்தான் இருந்துச்சு.

நேத்து நீங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சப்போ அவ அந்த இனிப்பைப் பத்தித்தான் உங்ககிட்ட சொன்னா. நீங்க நோட்டுல எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டீங்க. எனக்குத் தலைகீழாப் படிக்க வரும். அதனாலதான் இன்னிக்கு நானே வந்துட்டேன். நீங்க தேடி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கிறது மரியாதை இல்ல.

பயிற்சியைப் பத்திக் கேட்டீங்க. அந்த நேர் இறக்கத்தை எல்லா விமானிக்கும் ரெண்டு தடவை வைப்போம். பட்டியலைக் கேட்டுட்டு வர்றதால அவங்க பெட்டியை நம்ப மாட்டாங்க, மூக்கைத் தாழ்த்தித்தான் தப்பிப்பாங்க. மாப்பிள்ளைக்கு நான் இருபத்தாறு தடவை வச்சேன். பதிவேட்டுல இருக்கு, மறைக்கல. முதல் தடவை புத்தகத்துல இருக்கிற மாதிரி மூக்கைத் தாழ்த்தினார். மலை முகாம்ல முன்னால ஓட இடம் இருக்காது மாப்பிள்ளை, லீவரை இழுத்துப் பாருங்கன்னேன். இழுத்தார். மேல வந்துச்சு.

இறங்கி வந்து என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டார். "மாமா, புத்தகத்துல வேற மாதிரியில்ல போட்டிருக்கு? இழுக்கவே கூடாதுங்கிறான்."

"அது பழைய இன்ஜினுக்கு எழுதினது. இதுக்குப் பலம் ஜாஸ்தி. பதினேழு அதுதான், இப்போ நிஜத்துல எப்படியோ அப்படியே பெட்டியிலயும் இருக்கு."

"நீங்க சொன்னா சரிதான் மாமா"ன்னுட்டார்.

அப்புறமும் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும், படிச்ச மனுஷன். ஆனா கை புத்தகம் படிக்காது ஐயா. இருபத்தாறு தடவை ஒரு வேலையைச் செஞ்சு, ஒவ்வொரு தடவையும் காதுல "சபாஷ்"னு ஒரு குரல் கேட்டா, கை அதைத்தான் வச்சுக்கும். அந்தக் குரல் என்னுது. கடைசி நாள் நான் சொல்லாமலே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இழுத்தார். நல்ல மாணவர்.

மலைக்குப் போன மூணாவது வாரம், பட்டப்பகல்ல, சரக்கு இறக்கப் போன இடத்துல நடந்துச்சு. காக்பிட்ல பதிவான குரலை நீங்க கேட்டிருப்பீங்க. எனக்கும் போட்டுக் காட்டினாங்க, சிமுலேட்டர் நிபுணர்ங்கிற முறையில. துணை விமானி மூணு தடவை, "முன்னால தள்ளுங்க, முன்னால தள்ளுங்க"ங்கிறார். மாப்பிள்ளை லீவரை முழுசா மேல இழுத்துப் பிடிச்சிருக்கார், நாலு வினாடி. கடைசியா அவர் சொன்னது, "பெட்டியில வந்துச்சே." அவர் குரல்ல பயம் இல்ல. ஏன் வரலங்கிற யோசனைதான் இருந்துச்சு.

துணை விமானியை எனக்குத் தெரியாது. அவரும் போவார்னு நான் நினைச்சுப் பார்க்கல. நினைச்சிருக்கணும். பின்னால இருந்தவர் பிழைச்சுட்டார், ஒரு காலோட. அவங்க ரெண்டு பேருக்காகவும் நான் வருத்தப்படறேன், அதையும் எழுதிக்குங்க.

ஆனா ஒண்ணு கேக்கிறேன். விபத்து நடந்து எத்தனை நாள்ல பதினேழைச் சரி பண்ணாங்க? ஒன்பது நாள். முப்பத்தொரு கடிதத்துல நடக்காதது ஒன்பதே நாள்ல நடந்துச்சு. மூணு பேர் வந்தாங்க, காத்துக் கணக்கைத் திரும்பப் போட்டாங்க, டீ குடிச்சாங்க, போனாங்க. இப்போ பெட்டியில லீவரை இழுத்தா கல்லு மாதிரி விழுது. அதுக்கப்புறம் பதினாலு பேர் பயிற்சி முடிச்சுப் போயிருக்காங்க. அந்தப் பதினாலு பேரும் வீடு வந்து சேருவாங்க. அழுத பிள்ளைக்குத்தான் பால்ங்கிறாங்க. நான் பதினோரு வருஷம் அழுதேன், யாரும் திரும்பிப் பார்க்கல. ஒருத்தர் வீட்ல நிஜமா அழுகைச் சத்தம் கேட்டாத்தான் நடக்கும்னா, அது ஏன் அடுத்தவன் வீடா இருக்கணும்? அதனாலதான் என் வீடா பார்த்துக்கிட்டேன். இதுல சுயநலம் எங்க இருக்கு சொல்லுங்க.

நீங்க அந்த அட்டை டப்பாவைப் பத்திக் கேட்டீங்க. காரியம் எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு அவ மாடியில படுத்திருந்தா, எழுந்திருக்கவே இல்ல. நான்தான் ஒவ்வொரு டப்பாவாப் பிரிச்சு, எல்லாத்தையும் எடுத்து வச்சேன். பதினோரு டப்பா. அவ புத்தகம், தையல் மிஷின், அவ அம்மாவோட கண்ணாடி, சமையல் ஏனம் எல்லாம். மறுநாள் கீழ வந்து பார்த்துட்டு, "எல்லாம் அதது இருந்த இடத்துலயே இருக்கேப்பா, எப்படிப்பா?"ன்னா. அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. அவ கட்டக் கட்ட நான் எழுதி வச்சிருந்தேன், எந்தப் பொருள் எந்த அலமாரி, எத்தனாவது தட்டுன்னு. திரும்ப எடுத்து வைக்கும்போது குழப்பம் வரக் கூடாதில்லையா. நாலு பக்கம் வந்துச்சு. வேணும்னா கொண்டுவந்து தர்றேன். அவர் பயிற்சிக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எழுத ஆரம்பிச்சுட்டேன், தேதி போட்டிருக்கு.

அவ்வளவுதான் ஐயா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பதினேழை நான் மறந்துபோய் விடல, தெரிஞ்சுதான் விட்டேன். இருபத்தாறு தடவையும் தெரிஞ்சுதான் வச்சேன். அவர் போயிடுவார்னு எனக்குத் தெரியும்.

இப்போ நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க. படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும், அதுதான் முறை. நடுவுல ஒண்ணும் விட்டுடாதீங்க. இதை அவகிட்ட யாரும் போய்ச் சொல்ல வேண்டாம், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். என் பொண்ணு புரிஞ்சுக்குவா. கொஞ்சம் சீக்கிரம் படிச்சீங்கன்னா நல்லா இருக்கும். மணி அஞ்சரை ஆகுது, அவ ரெண்டு டம்ளர் எடுத்து வச்சிருப்பா.