பில்லில் இல்லாத பாட்டில்

கடை வாசலில் இருக்கும் விலைப்பலகையை தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவேன். இருப்பு எவ்வளவு, விலை எவ்வளவு என்று சாக்பீஸில் எழுதுவதும் நானேதான். கச்சிராயபாளையம் சாலையில் உரக்கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தெய்வசிகாமணி கடையில் வாங்கிய மூட்டையில் ஒரு பிடி உரம் குறைந்தது என்று எவனாவது சொல்லட்டும், நீங்கள் இப்போதே என்னை ஜெயிலில் போடலாம்.

நீங்கள் கேட்டது பாட்டிலைப் பற்றி. சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

யூரியா கேட்டு வருகிறவனுக்கு யூரியாவை மட்டும் கொடுத்தால் கடை நடத்த முடியாது. எனக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரி, லோடுக்கு இத்தனை பெட்டி பூச்சி மருந்து எடுத்தால்தான் மூட்டையை இறக்குவான். வேண்டாம் என்றால் லாரி அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடும். அவன் என் தலையில் கட்டினான், நான் வருகிறவர்கள் தலையில் கட்டினேன். கேஸ் இணைப்புக்குப் போனபோது அடுப்பையும் எடு என்றார்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது பையும் ஷூவும் அங்கேதான் வாங்க வேண்டும் என்றார்கள். நான் எந்தக் கோர்ட்டுக்குப் போனேன்? நிர்வாண ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன்.

ஒரு பொருளோடு இன்னொன்றையும் வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வேளாண்மை ஆபீசில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். கல்லாவுக்கு மேலே நானே பசை தடவி ஒட்டினேன். இப்போதும் இருக்கும், போய்ப் பாருங்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. பாட்டில் வேண்டாம் என்றால் யூரியா ஸ்டாக் இல்லை என்பேன், அவ்வளவுதான்.

வேடியப்பன் ஆவணி மாதம் வந்தான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் வைத்திருந்தான். மழை ஈரம் காய்வதற்குள் மேலுரம் போட்டாக வேண்டும். நாலு நாள் தவறினால் பயிர் மஞ்சளாகிவிடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மானிய உரத்துக்காகக் கைரேகை மிஷினில் விரலை வைத்தவன், மூட்டையோடு நான் வைத்த பாட்டிலைப் பார்த்துவிட்டு, பயிரில் புழுவே இல்லையே, இது எதற்கு என்று கேட்டான். பூச்சி மருந்து என்று சொன்னால் எல்லோரும் இப்படித்தான் தட்டிக் கழிப்பார்கள். அதனால் சத்து மருந்து என்றேன். கதிர் நன்றாகப் பிடிக்கும், கையால் கலந்தாலும் ஒன்றும் செய்யாது என்றேன். தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

லேபிள் எங்கே என்று அவன் கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவன். லேபிளை நான்தான் உரித்திருந்தேன். காலாவதி தேதி தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கெட்டில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்தால் தானாகக் கழன்று வந்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் தேதியைப் பார்த்துச் சொல்லிவிடும், சரக்கு திரும்பி வரும். வியாபாரி இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பில் யூரியாவுக்கு மட்டும்தான் போடுவேன்.

அவன் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிந்திருக்கலாம். நிறையப் பேர் கூரையில் செருகிவிட்டு மறந்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க அவனுக்கு மனசு வரவில்லை. சட்டையைக் கழற்றிப்போட்டு, மூக்கில் துணிகூடக் கட்டாமல், முழங்கை வரை கையை விட்டுக் கலக்கி, எதிர்க்காற்றில் அடித்திருக்கிறான். சத்து மருந்துதானே என்று நினைத்திருப்பான். சாயங்காலம் வரப்பிலேயே சுருண்டு விழுந்தவனை மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். பில்லில் என் நம்பர் இருந்ததாம். சின்ன வயசுக் குரல், மரியாதையாகத்தான் பேசினார். பாட்டிலில் பெயர் இல்லை, எந்த மருந்து என்று தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியம் பார்க்கலாம், தப்பானதைக் கொடுத்தால் ஆளுக்கே ஆபத்து, பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றார். அப்படி ஒரு பாட்டிலை நான் விற்கவே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அவன் பெண்டாட்டி இருசம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. பாட்டிலை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தாள்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு மூச்சு இழுத்துக்கினு கெடக்குறாருங்க. பேர மட்டும் சொல்லுங்க. ஒங்க மேல ஒண்ணும் சொல்ல மாட்டோங்க."

நான் பில்லைக் கேட்டேன். சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதை அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

"யூரியா ரெண்டு மூட்ட. அவ்ளோதாம்மா போட்டிருக்குது."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்கதான குடுத்தீங்க."

"பில்லுல இல்லாதத நான் வித்தேன்னு எப்பிடிம்மா சொல்றது?"

அவள் என் தலைக்கு மேலே ஒட்டியிருந்த தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாட்டிலை மறுபடி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வேடியப்பன் செத்துப்போனான் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

நீங்கள் கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். அந்த மருந்தின் பெயர் எனக்குத் தெரியும். டாக்டர் போனில் கேட்டபோது, லேபிள் உரிக்காத கடைசிப் பெட்டி என் கால்மாட்டில்தான் இருந்தது. கொட்டை எழுத்தில் பெயர் போட்டிருந்தது, குனிய வேண்டிய அவசியம்கூட இல்லை. இருசம்மாள் படியேறும்போது அந்தப் பெட்டியைக் காலாலேயே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீண் வேலை.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவன் பிழைத்திருப்பான். என் லைசென்ஸ் போயிருக்கும். எது பெரிது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தோன்றியதோ, இன்றைக்கும் அப்படியே தோன்றுகிறது. சீல் வைத்த கடையை நீங்கள் திறந்துவிட்டால், அடுத்த மழைக்கு யூரியா கேட்டு இருசம்மாளே வருவாள். அந்த மலைக்காரர்களுக்கு என் கடையை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சரி, எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் முழுசாக ஒரு தடவை படித்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாலாம் பக்கத்தில் நான் சொல்லாத ஒரு வரி கூடச் சேர்ந்திருக்கிறது. வேடியப்பனை நான் கொன்றேன் என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். கேட்காததைக் கூடச் சேர்த்து ஒருத்தன் தலையில் கட்டக் கூடாது, ஐயா. அது சட்டம். என் கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.