முப்பத்தொரு பவுண்டுக் கவசம்

ரப்பரை இரும்பாகக் காட்ட ஐந்து பூச்சு வேண்டும். நான்கு போதும் என்பவர்கள் சோம்பேறிகள். இதை நீங்கள் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் எப்படி வேலை செய்கிறவள் என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும்.

ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடர். எங்கள் சிகாகோ தெற்குப் பகுதியில் ஒரு கறுப்பினப் பெண், பத்தொன்பது வயது, மாமாவின் கார் பட்டறையில் கிடந்த தகரத்தை வைத்துப் பறக்கும் கவசம் செய்கிறாள். கதையில் அவள் செய்தாள். நிஜத்தில் நான் செய்தேன். பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டுக் கார்களில் விழுந்த ஒடுக்கை நிமிர்த்தும் வேலைக்குப் போனவள் நான். அந்த மார்புத் தகடு ஒரு பழைய காரின் கதவு.

கவசம் இரண்டு. முகத்தருகே எடுக்கும் காட்சிகளுக்கு உலோகம், முப்பத்தொரு பவுண்டு. விழும் காட்சிகளுக்கு அதே தோற்றத்தில் ரப்பர், ஆறு பவுண்டு. விழும் கவசத்தின் எடையை ஒரு நாடாவில் எழுதிக் கழுத்துப்பட்டையின் உள்ளே ஒட்டுவது என் பொறுப்பு. கம்பி கட்டும் ரூஃபஸ் டாலிவர் அந்த எண்ணை ஆளின் எடையோடு கூட்டி, விழும் ஆளைத் தாங்கி இறக்கும் கம்பிக்கு அதற்கேற்ப பிரேக் வைப்பார். யாரும் மறுபடி நிறுத்துப் பார்ப்பதில்லை. எழுதிய கையை நம்புவது எங்கள் தொழில் வழக்கம்.

மூன்றாவது வாரம் இயக்குநர் கால்வின் என் மேசைக்கு வந்தார்.

"ஒடெட், தப்பா எடுத்துக்காத. அந்தப் பொண்ணு விழறது தலகாணி விழற மாதிரி இருக்கு. கவசத்த மொத்தமா கம்ப்யூட்டர்லயே வரைஞ்சிடலாங்கறாங்க. வியாழக்கிழம இன்னொரு டேக் போவோம். சரியா வந்தா உன் கவசம் இருக்கும். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கையால் செய்யும் பெண்ணின் கதையில் கையை அழிக்கப் போகிறார்கள். இதில் யார் குற்றவாளி என்று நீங்கள் யோசிக்கலாம். நான் யோசித்து முடித்துவிட்டேன். புதன்கிழமை ரப்பரில் இருந்த ‘ஆறு’ நாடாவை உரித்து உலோகத்தில் ஒட்டினேன். அவ்வளவுதான். பொய்யாக ஓர் எண்ணையும் எழுதவில்லை.

நாயகிக்குப் பதிலாக விழுபவள் கியோஷா ப்ரூயிட், இருபத்திரண்டு வயது. கோழி இறக்கை வாங்கினால் பாதியை எனக்கு எடுத்து வைப்பாள். ஆறாவது மாடி மொட்டைமாடியில் நான்தான் அவளுக்குக் கவசம் பூட்டினேன்.

"மிஸ் ஒடெட், என்ன இது, உங்க கேக் மாதிரி கனக்குது?"

"உள்ள கொஞ்சம் எடை வெச்சிருக்கேன் கண்ணு. ரூஃபஸுக்குத் தெரியும்."

"அப்ப சரி. தகரம் நசுங்கிச்சுன்னா என்னத் திட்டக்கூடாது."

திட்டமாட்டேன் என்றேன். திட்டவும் இல்லை.

ஒவ்வொரு சண்டைக்காட்சிக்கும் முன் எல்லோரும் காபிக் கோப்பையோடு வட்டமாக நிற்போம். ரூஃபஸ் கேட்பார்.

"நேத்துலேர்ந்து ஏதாச்சும் மாறிருக்கா? இருந்தா இப்பவே வாயத் தொறங்கப்பா. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

சிரித்தார்கள். பேசாமல் இருந்தால் எதுவும் மாறவில்லை என்று பொருள். நான் பேசவில்லை. பேசாததைப் பொய் என்று நான் ஏற்கமாட்டேன்.

கணுக்கால் முறியலாம் என்று எதிர்பார்த்தேன். அவளுடைய வயதுக்கு ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிடும். இதையெல்லாம் யோசிக்காமல் நான் எதையும் செய்கிறவள் அல்ல.

மூன்று நொடி விழுந்தாள். தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் கம்பி அவளை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். பூட்டுகள் எங்கே என்று எனக்குத்தான் தெரியும். அதனால் கவசத்தைக் கழற்றியது நான். ஆறை உரித்துவிட்டு, முப்பத்தொன்று என்று எழுதிய நாடாவை அப்போதுதான் ஒட்டினேன். அதைப் புதன்கிழமையே எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

முதுகெலும்பு. இனி நடக்கமாட்டாள் என்கிறார்கள். விசாரணையில் அவளே சொன்னாள், ரூஃபஸுக்குத் தெரியும் என்று மிஸ் ஒடெட் சொன்னார் என்று. நாடாவில் எண் சரியாக இருந்தது. ரூஃபஸ் அதைப் படிக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். அவருடைய முப்பது வருடத் தொழில் அன்றோடு போயிற்று. என்னைப் பார்த்து, "நான் ஆறுன்னுதான் படிச்சேன் ஒடெட், சத்தியமா," என்றார். அதிர்ச்சியில் ஆளுக்கு அப்படித் தோன்றும் என்று ஆறுதல் சொன்னேன்.

எட்டு மாதம் கழித்து ஏன் நீயாக வந்தாய் என்று கேட்கிறீர்கள். ரூஃபஸுக்காக என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போன மாதம் தொடர் வெளிவந்தது. தரையைத் தொடும் முன் வெட்டிவிட்டு அந்த மூன்று நொடியையும் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அருமையாக வரைந்திருக்கிறார்கள் என்று ஊரே கணினிக்காரர்களைப் புகழ்கிறது. இந்த வாரம் ஒரு விருதுப் பட்டியலில் அவர்கள் பெயர் வந்திருக்கிறது.

அதில் வரைந்தது ஒரு கோடுகூட இல்லை. தகடு என்னுடையது, நாடாவை மாற்றியது நான், அவளை விளிம்புக்கு அனுப்பியது நான். என் முழுப் பெயரையும் போடுங்கள். கியோஷாவும் படுக்கையில் இருந்தபடி அதைப் பார்த்திருப்பாள். எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் பெயர் கேட்கிறேன்.