கிரைண்டர் பார்த்த மாப்பிள்ளை

புளித்த மாவின் வாசனை வந்ததும் தாராவியில் நான் முதலில் குடியிருந்த அறை நினைவுக்கு வந்தது. பேருந்தில் மாவு வாளியோடு இருந்தவள் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்:

“எம் மவளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சதே கிரைண்டராலதான் மைனி.”

“என்னட்டி சொல்லுத?”

“மோடமும் கிரைண்டரும் ஒரே போர்டு. மாப்பிள்ளை வீட்டோட வீடியோவுல பேசயில மாவரைக்கப் போட்டேன். வோல்டேஜ் இறங்கி மோடம் அணைஞ்சிட்டு. அவுக போன்ல இவ சிரிச்ச மூஞ்சி அப்படியே நின்னுட்டு. எதுத்துப் பேசாத பிள்ளைன்னு மாமியாக்காரிக்கு ஒரே சந்தோசம்.”

“இன்னைக்கும் பேசுதாவளா?”

“சாயங்காலம். கல்யாணத்துக்குப் பெறவும் வேலைக்குப் போவேன்னு இவ அவுககிட்ட சொல்லப் போறாளாம்.”

மாஹிம் வந்தது. இறங்கப்போன மைனி திரும்பினாள்.

“அவ சொல்லி முடிக்கிறவரைக்கும் கிரைண்டரைத் தொட்டிராத, கேட்டியா.”